‘நீ ஒரு இன்ட்ரோவர்ட்’: குறையா, பெருமையா?

கேள்வி:

எனக்கு 27 வயது. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த வருட மதிப்பீட்டின்போது மேலாளர், “உங்கள் வேலையில் குறை இல்லை. ஆனால் நீங்கள் ஒரு இன்ட்ரோவர்ட். அதை மாற்றிக்கொண்டால்தான் மேலே வர முடியும்” என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னால், “சந்தோஷப்படு, பெரிய அறிவாளிகள் எல்லாம் அப்படித்தான்” என்கிறாள். தோழி ஒருத்தியோ, அது மனநோயின் ஆரம்பக் கட்டம் என்று எங்கோ படித்தாளாம். அகராதிகளைப் பார்த்தேன். ஒன்றில் ‘கூச்ச சுபாவம் உள்ளவர்’ என்று இருக்கிறது, இன்னொன்றில் ‘தன்னைப் பற்றியே நினைப்பவர்’ என்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தனியாக உட்கார்ந்து, பழைய புகைப்படங்களை வருடவாரியாகப் பிரித்து அடுக்கினேன். இரவு படுக்கும்போது மனசு நிறைந்திருந்தது. மறுநாள் அலுவலகத்தில், பழக்கமில்லாத ஒருவருக்கு போன் செய்ய வேண்டியிருந்தது. என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதி, இருபது நிமிடம் அதையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, கடைசியில் மின்னஞ்சல் அனுப்பினேன். மீட்டிங்கில் பதில் தெரியும், ஆனால் நெஞ்சு படபடக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு யாராவது அதையே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் அழுகையாக வரும். மூன்று வருடமாக இப்படித்தான். இந்த வார்த்தைக்கு உண்மையில் என்ன அர்த்தம்? யார் உண்டாக்கினார்கள்? நான் அதுவா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஒரே வார்த்தையை மூன்று பேர் உங்கள் மேல் ஒட்டியிருக்கிறார்கள். மேலாளருக்கு அது குறை, அக்காவுக்குப் பெருமை, தோழிக்கு நோய். மூன்று பேருமே உங்கள் மேல் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஒருவர் சொன்ன அர்த்தம் இன்னொருவர் சொன்னதோடு ஒட்டவே இல்லை.

உளவியல் ஆலோசகராக என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்போது உட்காரும்போதே “நான் ஒரு இன்ட்ரோவர்ட்” என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். “அப்படி என்றால் என்ன?” என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். எனக்குப் பேச வராது என்பார் ஒருவர். எனக்கு மனிதர்களைப் பிடிக்காது என்பார் இன்னொருவர். நான் ஆழமாக யோசிப்பவன் என்பார் மற்றொருவர். நீங்கள் ‘நான் அதுவா’ என்று கேட்பதற்கு முன் ‘அது என்ன’ என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான வரிசை அதுதான், நானும் அதிலேயே போகிறேன்.

லத்தீன் மொழியில் ‘இன்ட்ரோ’ என்றால் உட்பக்கமாக. ‘வெர்டெரே’ என்றால் திருப்புதல். இந்த ‘வெர்டெரே’ நமக்கு முன்பே அறிமுகமானதுதான். தலை சுற்றுகிறது என்று போனால் டாக்டர் சொல்லும் வெர்டிகோவில் அது இருக்கிறது, கரண்ட் போனால் கைகொடுக்கும் இன்வெர்ட்டரிலும் இருக்கிறது. எல்லாமே திரும்புகிற, திருப்புகிற சமாச்சாரம். அப்படிப் பார்த்தால் இன்ட்ரோவர்ட் என்பதற்கு ‘உள்ளே திருப்பு’ என்று அர்த்தம்.

17-ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்தில் புழங்க ஆரம்பித்தபோது வினைச்சொல்லாகத்தான் இருந்தது. ஒரு ஆளைக் காட்டி ‘இவர் இன்ட்ரோவர்ட்’ என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. பிரார்த்தனையிலோ தியானத்திலோ இருப்பவர் வெளி விஷயங்களிலிருந்து மனதை எடுத்து உள்ளே திருப்புகிறார் இல்லையா, அந்தச் செயலைச் சொல்ல ஆன்மிக எழுத்துகளில் பயன்பட்ட சொல் இது. மனதை உள்ளே திருப்பினார்கள், அப்புறம் எழுந்து போய் அன்றைய வேலையைப் பார்த்தார்கள். அது குணம் இல்லை, அவ்வப்போது செய்கிற ஒரு காரியம்.

அதற்குப் பிறகு இந்தச் சொல் போய்ச் சேர்ந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தமானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விலங்கியலாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். கடலடி மண்ணிலும் பாறை இடுக்கிலும் வாழும் சிபன்குலா என்ற புழுவினம் ஒன்று உண்டு. உடம்பைச் சுருக்கிக்கொண்டால் தோலோடு இருக்கும் வேர்க்கடலையைப் போலத் தெரியும். அதன் உடம்பின் முன்பகுதி மெல்லிய குழல். அந்தக் குழலை அது முழுவதுமாகத் தன் உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். முழுக்கைச் சட்டையின் கையை உள்பக்கமாகப் பிடித்து இழுத்தால் எப்படிப் புரண்டு உள்ளே போகும், அந்த மாதிரி. அந்தக் குழலுக்கு வைத்த பெயர் இன்ட்ரோவர்ட். விலங்கியலில் இன்றைக்கும் அதே பெயர்தான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழலின் நுனியில்தான் புழுவின் வாய் இருக்கிறது. பசித்தால் அதை நீட்டித்தான் ஆக வேண்டும். ஆபத்து வந்தால் இழுத்துக்கொள்ளும். உள்ளே சுருண்டிருக்கும்போதும் அதன் பெயர் இன்ட்ரோவர்ட், வெளியே நீண்டு இரை தேடும்போதும் இன்ட்ரோவர்ட்தான். உள்ளே போகத் தெரிந்த உறுப்புக்கு வைத்த பெயரே தவிர, உள்ளேயே அடைந்து கிடப்பதற்கு வைத்த பெயர் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உங்கள் கதைக்கு இது தேவைப்படும்.

சரி, மனிதர்கள் மேல் இந்தச் சொல் எப்படி வந்து உட்கார்ந்தது? அதற்குக் காரணம் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் குஸ்தாவ் யுங். 1909-இல் அவரும் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டும் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டுப் போனார்கள். அங்கே யுங் ஆற்றிய உரைகளில் ஒன்று, தம்பி பிறந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணைப் பற்றியது. குழந்தை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அவளைக் குடைகிறது. பெரியவர்கள் சொல்லும் பதிலை அவளால் நம்ப முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் தனக்குள்ளேயே கனவு காண ஆரம்பிக்கிறாள். வெளியே பெற்றோர் பக்கம் போக வேண்டிய அன்பின் ஒரு பகுதி உள்ளே திரும்பிக் கற்பனையாகிறது என்று யுங் விளக்கினார். அந்தத் திரும்புதலைச் சொல்லத்தான் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். அங்கேயும் அது ஒரு நகர்வுதான். அந்தக் குழந்தை இன்ன ரகம் என்று அவர் முத்திரை குத்தவில்லை.

உங்கள் தோழி படித்தது முழுப் பொய் இல்லை, நூறு வருடத்துக்கு முந்தைய செய்தி. யுங் வேலை பார்த்த சூரிச் மனநல மருத்துவமனையில் அவருக்குத் தலைவராக இருந்தவர் ஆய்கன் ப்ளாய்லர். ஸ்கிசோஃப்ரினியா, ஆட்டிசம் என்ற இரண்டு சொற்களையும் உருவாக்கியவர் அவர்தான். கடுமையான மனநோயாளிகள் உலகத்தை விட்டு விலகித் தங்களுக்குள் போய்விடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. 1913-இல் மியூனிக் மாநாட்டில் யுங் பேசியபோதும், உள்ளே திரும்புதலை இன்று ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் நோயோடும், வெளியே திரும்புதலை ஹிஸ்டீரியாவோடும் இணைத்துத்தான் ஆரம்பித்தார். ஃப்ராய்டும் தன் பங்குக்கு, உள்முகமாகத் திரும்பியவர் இன்னும் நோயாளி ஆகவில்லை, ஆனால் நிலையில்லாத இடத்தில் நிற்கிறார் என்று சொல்லிவைத்தார். இந்தச் சொல் மனநோய் வார்டில் வளர்ந்தது. அந்த வாடை இன்னும் கொஞ்சம் அதன் மேல் இருக்கிறது.

அதைக் கழுவியதும் யுங்தான். ஃப்ராய்டும், அவரோடு இருந்து பின்னர் பிரிந்துபோன மருத்துவர் ஆல்ஃப்ரெட் ஆட்லரும் ஒரே மாதிரி நோயாளியைப் பார்த்து இரண்டு விதமாக விளக்கம் சொல்கிறார்களே, ஏன் என்ற கேள்வி அவரை உறுத்தியது. இருவரும் புத்திசாலிகள், இருவர் விளக்கமும் ஓரளவு பொருந்துகிறது. அப்படியானால் வித்தியாசம் பார்க்கிறவர்களின் மனப்போக்கில் இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வந்தார். 1921-இல் வெளிவந்த மனித வகைகள் பற்றிய அவருடைய பெரிய புத்தகத்தில், இன்ட்ரோவர்ட், எக்ஸ்ட்ராவர்ட் இரண்டுமே ஆரோக்கியமான மனிதர்களின் இயல்பான இரண்டு போக்குகள் ஆகிவிட்டன. ஒருவருக்கு மனசக்தி வெளியே இருக்கும் ஆட்களையும் பொருள்களையும் நோக்கி ஓடுகிறது. இன்னொருவருக்கு, வெளியே பார்த்ததைத் தன் உள்ளே எடுத்துப்போய் அங்கே வைத்துப் பார்ப்பதில் ஓடுகிறது. முழுக்க ஒரே பக்கமாக இருக்கும் மனிதர் கிடையாது, நடுவில் இருப்பவர்களே அதிகம் என்பதையும் அவரே சொன்னார். அந்த நடுப்பட்டவர்களுக்கு 1920-களிலேயே ‘ஆம்பிவர்ட்’ என்று ஒரு பெயரும் வந்துவிட்டது. யுங் எழுதியது ‘எக்ஸ்ட்ராவர்ட்’. நாம் இன்று சொல்லும் ‘எக்ஸ்ட்ரோவர்ட்’, இன்ட்ரோவர்ட்டின் ஓசையோடு ஒட்டி வந்த எழுத்து. உளவியல் ஆய்வுகளில் இன்னும் பழைய எழுத்தையே பார்க்கலாம்.

இப்போது எல்லோரும் சொல்லும் பேட்டரி உவமையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கூட்டத்தில் சார்ஜ் இறங்கும், தனியாக இருந்தால் சார்ஜ் ஏறும் என்பார்கள். வசதியான உவமைதான். ஆனால் யுங் பேசியது மனசக்தி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பற்றி. எங்கே தீருகிறது, எங்கே நிரம்புகிறது என்ற கணக்கைப் பற்றி அல்ல.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். கூச்ச சுபாவி என்பது தவறு, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். தனிமை விரும்பி பாதி சரி. உள்முகச் சிந்தனையாளர் என்று எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த இயல்பு உள்ளவர் எல்லோரும் சிந்தனையாளர் என்ற மாயையை அது கொடுத்துவிடுகிறது. அகமுகம் என்ற சொல்தான் எனக்கு மூலத்துக்கு மிக நெருக்கமாகப் படுகிறது. தமிழில் முகம் என்றால் மூஞ்சி மட்டும் இல்லை, திசையும்தான். கிழக்கு முகமாக உட்கார், தெற்கு முகமாக நில் என்கிறோம். அகமுகம் என்றால் உட்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பது. கிழக்கு முகமாக உட்கார்ந்தவர் மேற்கே யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், பேசுவார், மறுபடி தன் வசதிக்குத் திரும்பிக்கொள்வார். லத்தீன்காரர்கள் ‘திருப்பு’ என்று வைத்ததை நம் மொழி ‘முகம்’ என்று எவ்வளவு இயல்பாகப் பிடித்திருக்கிறது பாருங்கள். அதனால்தான் நான் ‘அகமுகன்’, ‘அகமுகி’ என்று ஆளுக்குப் பெயர் வைப்பதைவிட ‘அகமுக இயல்பு’ என்று சொல்லவே விரும்புகிறேன். (இலக்கியத்தில் வரும் அகம் வேறு. அது இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் காதல் வாழ்க்கை. அதைத் தனிமையோடு சிலர் முடிச்சுப் போடுகிறார்கள், அது பொருந்தாது.)

யுங்கோடு கதை முடியவில்லை. ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர் இதை மூளையில் தேடினார். அகமுக இயல்பு உள்ளவர்களின் மூளை இயல்பாகவே கூடுதல் விழிப்போடு இருக்கிறது, அதனால் வெளியிலிருந்து வரும் சத்தம், வெளிச்சம், பேச்சு எல்லாம் அவர்களுக்குச் சீக்கிரமே போதும் போதும் என்றாகிவிடுகிறது என்று 1967-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். அந்தக் காலத்தில் இதையொட்டி ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு முனையிலும் பஞ்சு சுற்றிய குச்சியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் சமமாக நிற்கும். ஒரு முனையைக் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்து எடுக்க வேண்டும். அப்புறம் நாக்கில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, மறுமுனையை அதே அளவு நேரம் வைக்க வேண்டும். குச்சி எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தால் எவ்வளவு எச்சில் கூடுதலாக ஊறியது என்று தெரிந்துவிடும். அகமுக இயல்பு உள்ளவர்களுக்குச் சராசரியில் அதிகம் ஊறியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஐசென்க் பக்கமே நிற்கவில்லை, அவர் விளக்கம் முழுமையானதும் இல்லை. ஆனால் நாலு சொட்டுச் சாறு இரண்டு நாக்குகளில் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரே மீட்டிங் அறை இரண்டு பேருக்கு ஒரே மாதிரி இருக்காது என்பது புரியும். உங்களுக்கு வெறும் பேச்சாக இல்லாமல் இரைச்சலாகக் கேட்பது, பக்கத்தில் இருப்பவருக்கு உற்சாகமாகக் கேட்கலாம்.

இன்றைய உளவியல் ஆளுமையை ஐந்து பெரிய அளவுகோல்களில் பார்க்கிறது. அதில் ஒன்று புறமுக இயல்பு, அதாவது எக்ஸ்ட்ராவர்ட் தன்மை. அந்த அளவுகோலின் தாழ்ந்த முனைக்குத்தான் அகமுகம் என்று பெயர். உயரம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நெட்டை, குட்டை என்று இரண்டே சாதி மனிதர்கள் கிடையாது, பெரும்பாலானவர்கள் நடுத்தர உயரம். ஆனால் அலுவலகப் பயிற்சிகளில் கொடுக்கும் கேள்வித்தாள்கள் சிலவற்றில் நீங்கள் இதுவா அதுவா என்று ஒரு எழுத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் யுங்கின் புத்தகத்தை வைத்து உருவாக்கிய சோதனை அப்படிப்பட்டது. நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு அரை விரல் இந்தப் பக்கம் நின்றவரை அரை விரல் அந்தப் பக்கம் நின்றவரிடமிருந்து பிரித்துவிடுகிறது. உங்கள் மேலாளர் சொன்ன ‘நீங்கள் ஒரு இன்ட்ரோவர்ட்’ அந்த வழியில் வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அக்காவுக்கும் ஒரு வார்த்தை. அறிவுக்கும் இந்த இயல்புக்கும் சொல்லும்படியான தொடர்பு எதுவும் கிடையாது. ‘தன்னைப் பற்றியே நினைப்பவர்’ என்று சொன்ன அகராதியை மூடி வைத்துவிடுங்கள். உள்ளே பார்ப்பவர் அங்கே தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யார் சொன்னது? நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்தது புகைப்படங்களில் இருந்த மற்றவர்களை.

இப்போது கூச்சத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

யுங் எழுதிய அகமுகச் சித்திரத்திலேயே தயக்கமும் கொஞ்சம் தற்காப்பும் கலந்திருந்தது, அதனால் குழப்பத்தில் அவருக்கும் பங்கு உண்டு. இப்போது நாங்கள் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறோம். அகமுகம் என்பது விருப்பம் சம்பந்தப்பட்டது. கூச்சம் என்பது பயம் சம்பந்தப்பட்டது, மற்றவர் என்ன நினைப்பாரோ என்ற பயம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

என்னிடம் வந்த ஒருவர் நூற்றுக்கணக்கானவர்கள் முன்னால் ஒரு மணி நேரம் தடங்கல் இல்லாமல் பேசக்கூடியவர். கை நடுங்காது, குரல் உடையாது. கூட்டம் முடிந்ததும் காருக்குப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, அரை மணி நேரம் ரேடியோகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார். அதற்கு அப்புறம்தான் வண்டியைக் கிளப்புவார். அவருக்கு அகமுக இயல்பு உண்டு, கூச்சம் துளியும் இல்லை. இன்னொரு பெண், யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்குபவர். விடுமுறை நாளில் தனியாக இருந்தால் அவருக்கு வீடே கடிக்கும். ஆனால் ஒரு விழாவுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றும் சாக்கில் பத்து நிமிடம் நிற்பார், உள்ளே போகக் கால் வராது. அவர் புறமுக இயல்புக்காரர், கூச்சம் அவரைக் கட்டிப்போட்டிருந்தது. ‘நான் இன்ட்ரோவர்ட், அதுதான்’ என்று பல வருடம் தன்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தார். தப்பான பெயரால் அவர் இழந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு நாட்கள் இருக்கின்றன. ஞாயிறும் திங்களும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாக இருந்தீர்கள், மனசு நிறைந்தது. அது அகமுக இயல்பு. அதில் மாற்ற வேண்டியது ஒன்றும் இல்லை, யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் இல்லை. திங்கட்கிழமை போனை எடுக்காமல் இருபது நிமிடம் தாளைப் படித்தீர்கள், மின்னஞ்சல் அனுப்பினீர்கள், வீட்டுக்கு வந்து அழுதீர்கள். அது வேறு. பயம் மட்டும் இல்லை என்றால் என்ன செய்திருப்பீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அதே புகைப்படங்களைத்தான் அடுக்கியிருப்பீர்கள். திங்கட்கிழமை போனை எடுத்துப் பேசியிருப்பீர்கள், மீட்டிங்கில் பதிலைச் சொல்லியிருப்பீர்கள். தனக்குப் பிடித்து விலகி இருப்பவருக்கு, விலகியதை நினைத்து அழுகை வராது.

ஆக, ‘நான் அதுவா’ என்ற கேள்விக்கு என் பதில்: உங்களில் பாதி அதுதான், மீதிப் பாதியை அந்த வார்த்தைக்குக் கீழே ஒளித்து வைக்காதீர்கள். ஒரு கடிதத்தை மட்டும் வைத்து நான் நோய்ப் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருடம் என்கிறீர்கள், வேலையும் பாதிக்கப்படுகிறது. மற்றவர்கள் எடைபோடுவார்கள் என்ற பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைத் தடுத்தால், அது சமூகப் பதற்றக் கோளாறா என்று நாங்கள் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு உளவியலாளரை ஒருமுறை நேரில் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பயிற்சி செய்து மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை என்ற முறை இந்தப் பயத்துக்கு நன்றாகவே வேலை செய்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். அந்தச் சிகிச்சை உங்களைக் கலகலப்பான ஆளாக மாற்றிவிடாது. ஞாயிற்றுக்கிழமைகள் உங்களோடு பத்திரமாக இருக்கும்.

அதற்கு நேரம் கிடைக்கும்வரை வீட்டுப்பாடமாக ஒன்று சொல்கிறேன். போன் செய்யாமல் மின்னஞ்சல் அனுப்பியதும் அந்த நொடியில் ஒரு நிம்மதி வந்திருக்கும், இல்லையா? பயத்துக்குத் தீனி போடுவது அந்த நிம்மதிதான். ‘தப்பித்தோம், அப்படியானால் நிஜமாகவே ஆபத்து இருந்தது’ என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் படபடக்கும். இதை உடைக்க, சின்னதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முதல் வாரம் தெரிந்த சக ஊழியர்களிடம் மின்னஞ்சலில் கேட்கக்கூடிய கேள்விகளை போனில் கேளுங்கள், நாளைக்கு ஒன்று போதும். தாளில் முழு வசனம் எழுதாதீர்கள். மூன்று வார்த்தை மட்டும்: யார், என்ன, எப்போது. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒத்திகை வேண்டாம். ஒத்திகை நீள நீளப் பயமும் கூடவே நீளும். மணி அடிக்கும்போது நெஞ்சு படபடக்கும், படபடக்கட்டும். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அது தானாக இறங்குவதை நீங்களே பார்க்க வேண்டும், நான் சொல்லி நம்ப வைக்க முடியாது. அது பழகியதும் பழக்கமில்லாத எண்களுக்குப் போகலாம்.

மீட்டிங்கில் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம் பேசிவிடுங்கள். பதிலாக இருக்க வேண்டும் என்று இல்லை, “அந்தத் தொகை எந்த மாதத்துக்கானது?” என்று ஒரு கேள்வியாக இருந்தாலும் போதும். நேரம் போகப் போக முதல் வாக்கியம் கனத்துக்கொண்டே போகும். ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்டால் இரண்டாவது வாக்கியத்துக்கு அவ்வளவு பாரம் இருக்காது.

மேலாளரிடமும் போய்ப் பேச வேண்டும், கோபமாக அல்ல. “இன்ட்ரோவர்ட் என்றீர்களே, நான் பேசாததால் எந்த இடத்தில் வேலை தடைபட்டது என்று ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?” என்று கேளுங்கள். உதாரணம் சொன்னால் அது உங்களுக்குப் பயன்படும், குணத்தை மாற்றுவது என்ற பெரிய மலை ஒரு குறிப்பிட்ட வேலையாகச் சுருங்கிவிடும். சொல்ல முடியவில்லை என்றால் அவரும் கொஞ்சம் யோசிப்பார். கூடவே, மீட்டிங்கில் பேசப்போகும் விஷயங்களை முந்தின நாளே அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுப் பேசுகிறவருக்கு ஒரு இரவு கிடைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். அவருக்கும் அதில் லாபம்தான், உங்களிடமிருந்து தயாரான பதில் கிடைக்கும்.

பேசாமல் இருக்கும்போது உங்கள் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். அகமுக இயல்பு உள்ளவர்களிடம் அது அடிக்கடி பொய்த்துப் போகிறது. உள்ளே தீவிரமாகக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும், வெளியே பார்ப்பவருக்கு அக்கறை இல்லாத முகமாகத் தெரியும். “கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன்” என்ற மூன்று வார்த்தை போதும், அந்தத் தவறான புரிதல் பெருமளவு குறைந்துவிடும்.

அந்தக் கடற்புழுவின் குழலைக் கடைசியில் தேவைப்படும் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் புகைப்படம் அடுக்குகிறவரும் நீங்கள்தான், அலுவலகத்தில் போனில் பேசப் போகிறவரும் நீங்கள்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தும். திங்கட்கிழமை மின்னஞ்சல் அனுப்பினீர்களே அந்த நபர், அவர் பதில் போட்டிருப்பார், அதில் கேட்டுத் தெளிவுபடுத்த ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். அதை போனில் கேட்டுவிட்டு, எத்தனையாவது நிமிடத்தில் படபடப்பு இறங்கியது என்று குறித்து வைத்து எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.